அரிது என்னும் வசதியான சொல்

நீரிழிவு முற்றிய சிலருக்கு உணவுக்குழாயின் உட்சுவர் கருகி இறந்துபோகிறது. இதை மருத்துவ நூல்கள் மிக அரிதானது என்கின்றன. ஆனால் எங்கே அரிது என்பதே எனது கேள்வி. உள்நோக்கிக் குழாயை இறக்கினால்தான் தென்படும் நோய், அக்குழாய் எட்டாத இடத்தில் அரிதாகத்தானே இருக்கும்?

1990இல்தான் உள்நோக்கி வழியாக இது கண்டு விவரிக்கப்பட்டது. சீனி கட்டுமீறி, இரத்தத்தில் கீட்டோன் அமிலம் பெருகி, உடலின் நீர் வற்றி இரத்த அழுத்தம் வீழும்போது, இயல்பாகவே இரத்தவோட்டம் குறைந்த குழாயின் கீழ்ப்பகுதி முதலில் வாடுகிறது. மேலேறும் இரைப்பை அமிலம் மிச்சத்தை முடிக்கிறது. வெளியே தெரிபவை கோப்பி நிற வாந்தியும் கறுத்த மலமும். அகப்பட்டோரில் ஏறத்தாழ மூன்றிலொருவர் இறக்கின்றனர். பெரும்பாலும் அதற்கு வழிவிட்ட மூலநோயினால்.

அரநாயக்கவுக்கு வருவோம். 2016 மே 17இல் சாமசர மலை சரிந்த பின்னரே கொழும்புப் பத்திரிகைக்காரர் பலருக்கு அவ்வூரின் பெயர் பழக்கமாயிற்று. (அந்தப் பலரில் நானும் ஒருவன்.) அங்கு லயத்தில் வாழும் சீனி வருத்தக்காரர் ஒருவர், விழுங்கினால் நெஞ்சு வலிக்கிறது என்று சொல்லட்டும். பதில் ஆயத்தமாக இருக்கும்: காஸ்ட்ரிக். மேலே விசாரிக்க ஒரு நாள் பேரை இழந்து மாவனெல்லைக்கோ கேகாலைக்கோ பஸ் ஏற வேண்டும்.

அவ்வலி பூஞ்சைத் தொற்றாகவும் இருக்கலாம். அது அத்தனை அரிதன்று. புளுகொனசோல் இரண்டு மூன்று வாரங்களில் ஆற்றிவிடும். சப்ரகமுவவில் எலிக்காய்ச்சலைத் தடுக்க வழங்கப்படும் டொக்சிசைக்கிளினை ஒரு மிடறு நீருடன் விழுங்கிவிட்டு உடனே படுத்தாலும் குழாய் புண்ணாகும். நீரிழிவினால் நரம்பு தளர்ந்தவருக்குக் குளிசை நடுவழியிலேயே தங்கிவிடும் வாய்ப்பு இன்னும் அதிகம். இத்தனையையும் அந்த ஒற்றைச் சொல் மூடிவிடுகிறது.

தோட்டந்தோறும் உள்நோக்கி வையுங்கள் என்று எவரும் கேட்கவில்லை. சிறுநீரில் கீட்டோன் பார்க்கும் தாள்துண்டு மலிவானது. விழுங்க வலிக்கிறதா, மலம் கறுத்துப் போகிறதா என்று கேட்பதற்குச் செலவே இல்லை. கேள்வி நோயாளியின் மொழியில் இருந்தால் போதும். 1987இன் 13ஆம் திருத்தம் தமிழையும் அரசகரும மொழியாக்கியது. அது குளிசைப் பொதியின் மேல் ஏறுவதற்கு இன்னும் எத்தனை திருத்தங்கள் வேண்டுமோ!

இரும்புச்சத்துக் குளிசை உண்பவருக்கும் மலம் கறுக்கும். எது எதனால் என்பதையும் கேட்டுத்தான் பிரித்தறிய வேண்டும்.