பாட்டி தானாகவா விழுந்தாள்?

சென்ற ஆண்டு ஐப்பசி மழையில், ஊத்தங்கரைக்கு அடுத்த ஒரு கிராமத்தில், எழுபது வயதைத் தாண்டிய ஒரு மூதாட்டி இரவில் ஒன்றுக்குப் போக எழுந்தார். வாசற்படிக்கு வெளியே பாசி பிடித்துக் கிடந்த கல்லில் கால் வழுக்கி விழுந்தார். இடுப்பெலும்பு முறிந்தது. மகனும் மருமகளும் ஓசூரில் கம்பெனி வேலை பார்க்கிறார்கள். பொழுது விடிந்து பால் ஊற்ற வந்த பெண் பார்க்கும்வரை அந்த ஈரத்திலேயே கிடந்தார். நாம் போய்ப் பார்த்தபோது அக்கம்பக்கத்தில் ஒரே பேச்சுதான். "வயசாயிடுச்சு, விழுந்துட்டாங்க. காலம் வந்தா யாரு என்ன செய்ய முடியும்?"

அந்த அம்மாள் மட்டும் அப்படிச் சொல்லவில்லை. "அந்தக் கல்லை எடுத்துப் போடுங்கன்னு ரெண்டு வருசமா சொல்றேன் தம்பி" என்றார்.

நாம் அந்த அம்மாளின் கட்சி.

2024 டிசம்பர் முதல் வாரத்தில், ஒரே நாளில் ஐம்பது சென்டிமீட்டர் மழை கொட்டி, ஊத்தங்கரையில் சாலையோரம் நின்ற வண்டிகளையெல்லாம் வெள்ளம் அடித்துப் போயிற்று. உடனே பத்திரிகைக்காரர்கள் வந்தார்கள், அதிகாரிகள் வந்தார்கள். வர வேண்டியதுதான். ஆனால் ஊருக்கு ஒரு கிழவி, தெருவுக்கு ஒரு கிழவர் என்று வருஷம் முழுவதும் விழுந்துகொண்டே இருக்கிறார்களே, அதைப் பார்க்க யார் வந்தார்கள்? உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி, கீழே விழுந்து இறப்பவர்கள் உலகத்தில் ஆண்டுக்கு 6,84,000 பேர். சாலை விபத்துக்கு அடுத்தபடி அதிகமான உயிர்களைக் கொள்ளும் விபத்து இதுதான். இறப்பவர்களில் நூற்றுக்கு எண்பது பேருக்கு மேல் நம்முடையதைப் போன்ற வசதி குறைந்த நாடுகளில் இருக்கிறார்கள். முதுமைதான் காரணம் என்றால், முதியவர்கள் அதிகம் உள்ள பணக்கார நாடுகளில் அல்லவா கணக்கு ஏற வேண்டும்?

நமது பகுதியில் இன்னொரு காரணமும் உண்டு. கிருஷ்ணகிரி, தருமபுரி மாவட்டங்களின் நிலத்தடி நீரில் ஃபுளோரைடு அதிகம். ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரை முப்பது நாற்பது வருஷம் குடித்தவர்களின் பல்லில் பழுப்புக் கறை ஏறியதை எல்லோரும் பார்த்திருக்கிறோம். பல் வெளியே தெரிகிறது, எலும்பு தெரிவதில்லை. அதே நஞ்சு மூட்டிலும் முதுகெலும்பிலும் ஏறினால் கழுத்து திரும்பாது, முழங்கால் மடங்காது, உடம்பு முன்பக்கம் வளைந்துவிடும். அப்படிப்பட்டவர் கால் தடுக்கினால் சமாளித்து நிற்க முடியாது. எலும்பு கெட்டியானது போலத் தோன்றினாலும் எளிதில் முறியும். இரு மாவட்டங்களுக்கும் காவிரித் தண்ணீர் தர ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013-ல்தான் திறக்கப்பட்டது. அதுவும் எத்தனை போராட்டத்துக்குப் பிறகு! அதற்கு முன் வாழ்நாளெல்லாம் கிணற்று நீரைக் குடித்தே உழைத்தவர்கள்தான் இன்று அறுபதையும் எழுபதையும் தாண்டி நிற்கிறார்கள். இன்றும் குழாயில் காவிரி வராத நாளில் மறுபடி அந்த போர் தண்ணீரைத்தானே பிடிக்கிறோம்?

இப்படி வளைந்த உடம்போடு இருப்பவர்களை வீட்டில் யார் பார்த்துக்கொள்வது? சாமல்பட்டியில் ரயில் ஏறியும், பஸ் பிடித்தும் ஓசூருக்கும் பெங்களூருக்கும் திருப்பூருக்கும் நமது வாலிபர்கள் போய்க்கொண்டிருக்கிறார்கள். மழையை நம்பிய இரண்டு ஏக்கர் மேட்டு நிலம் அவர்களை நிறுத்தி வைக்கவில்லை. பிள்ளைகளைத் திட்டுகிறவர்கள் உண்டு. நாம் திட்டமாட்டோம். லீவு போட்டால் சம்பளம் வெட்டுகிற காண்டிராக்ட் வேலையில் இருப்பவன் தாயைப் பார்க்க எப்படி ஓடி வருவான்?

கக்கூஸ் கட்டிக் கொடுத்துவிட்டோமே என்கிறது சர்க்கார். 2014 முதல் வீட்டுக்கு 12,000 ரூபாய் கொடுத்துக் கட்டினார்கள். இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் போய்ப் பாருங்கள். ஏறுவதற்கு ஒரு முழ உயரப் படி. உள்ளே குந்தி உட்காரும் கோப்பை. எழுந்திருக்கப் பிடித்துக்கொள்ள சுவரில் ஒரு கம்பி கிடையாது. விளக்கும் கிடையாது. முழங்கால் மடங்காத கிழவி அதில் எப்படி உட்காருவாள்? அதனால்தான் எத்தனையோ வீடுகளில் அது விறகு வைக்கும் அறையாகிவிட்டது. கிழவி பழையபடி இருட்டில் வேலியோரம் போகிறாள். கட்டியதைக் கணக்கெடுத்தவர்கள் உட்கார்ந்து எழுந்தவர்களைக் கணக்கெடுக்கவில்லை.

இனி மாத்திரை விஷயம். வீடு தேடி வந்து ரத்தக் கொதிப்புக்கும் சர்க்கரைக்கும் மாத்திரை கொடுக்கும் 'மக்களைத் தேடி மருத்துவம்' 2021 ஆகஸ்டு 5-ம் தேதி நமது மாவட்டத்துச் சாமனப்பள்ளியில்தான் தொடங்கியது. நல்ல காரியம். அதைத் தூக்கி நடத்துகிற பெண்களுக்குக் கிடைப்பதோ சொற்ப ஊக்கத்தொகை! இந்த மாத்திரை சாப்பிடுகிறவர்கள் படுக்கையிலிருந்து திடீரென்று எழுந்தால் ரத்த அழுத்தம் இறங்கித் தலை சுற்றும். கட்டில் விளிம்பில் சற்று நேரம் உட்கார்ந்திருந்து, பிறகு எழ வேண்டும். தலை சுற்றல் தொடர்ந்தால் டாக்டரிடம் சொல்லி அளவை மாற்ற வேண்டும், தானாக நிறுத்தக்கூடாது. இதை மாத்திரையோடு சேர்த்துச் சொல்ல ஏற்பாடு வேண்டும். கண்ணில் புரை உள்ளவர்களை ஆபரேஷனுக்கு அனுப்புவதும் விழாமல் காக்கும் வைத்தியமே.

விழுந்த பிறகு என்ன ஆகிறது என்பதையும் சொல்லிவிட வேண்டும். நமது பக்கத்தில் எலும்பு முறிந்தால் கட்டுப் போட ஓடுவது வழக்கம். வயதானவர்களுக்குத் தொடை எலும்பின் கழுத்து முறிந்தால் கட்டுப் போட்டு அது சேருவதில்லை. கூடியவரை இரண்டு நாளுக்குள் ஆபரேஷன் செய்து, உடனே எழுப்பி நடக்கவைக்க வேண்டும். படுத்தே கிடந்தால் முதுகில் புண், நெஞ்சில் சளி, பிறகு மரணம். நாம் சொன்ன அந்த அம்மாளை ஒரு ஆஸ்பத்திரியிலிருந்து இன்னொன்றுக்கு அனுப்பி, அங்கே கட்டில் கிடைத்து, ஆபரேஷன் நடப்பதற்குள் ஒன்பது நாள் போயிற்று. இன்று அவர் நாலு கால் ஸ்டாண்டைப் பிடித்து வாசல்வரை வருகிறார். அந்தக் கல் இப்போது இல்லை.

விழாமல் தடுக்க முடியுமா? முடியும். காலுக்குப் பலமும் நிதானமும் தருகிற உடற்பயிற்சியைத் தொடர்ந்து செய்தால் விழுவதில் ஏறத்தாழ நாலில் ஒரு பங்கு குறைகிறது என்று ஆராய்ச்சிகளை ஒன்றாகத் திரட்டிப் பார்த்தவர்கள் கண்டிருக்கிறார்கள். கையூன்றாமல் கட்டிலிலிருந்து பத்துத் தடவை எழுந்து உட்காருவது, சுவரைப் பிடித்துக் குதிகாலை உயர்த்தி நிற்பது போன்ற சாதாரணப் பயிற்சிதான். அமெரிக்காவின் தடைக்கு நடுவில் அரைவயிறு சாப்பிடும் சின்னஞ்சிறு கியூபா, 1980-களில் தெருவுக்குத் தெரு குடும்ப டாக்டரையும் நர்ஸையும் அமர்த்தியது. தாத்தா பாட்டிகளின் வட்டங்கள் என்று அமைத்து, பூங்காக்களில் கூடிப் பயிற்சி செய்ய வைத்தது. அண்டையில் கேரளத்தில், படுக்கையில் கிடப்பவர்களை வீட்டுக்கே போய்ப் பார்க்கும் பொறுப்பை 2008 முதல் பஞ்சாயத்துகள் ஏற்றிருக்கின்றன. பணம் இருந்ததாலா செய்தார்கள்?

மத்திய சர்க்காரோ முதியோர் பென்ஷனுக்குத் தனது பங்காக எண்பது வயதுக்குக் கீழ் உள்ளவர்களுக்கு மாதம் 200 ரூபாய் என்று நிர்ணயித்துவிட்டு, பதினைந்து வருஷத்துக்கு மேல் அதில் ஒரு ரூபாய்கூட ஏற்றாமல் உட்கார்ந்திருந்தது. மாநில சர்க்கார் தன் பங்கையும் சேர்த்து 2023-ல் 1,200 ஆக்கியது. அதில் அரிசி பருப்பு வாங்குவதா, தேய்ந்து வழுக்கும் ரப்பர் செருப்பை மாற்றுவதா?

நம்மையும் ஒரு கேள்வி கேட்டுக்கொள்ள வேண்டும். கூலிக்கும் பட்டாவுக்கும் எத்தனையோ மனு எழுதியிருக்கிறோம். கக்கூஸில் கைப்பிடி வேண்டுமென்று ஒரு மனு எழுதினோமா? அற்ப விஷயம் என்று நினைத்தோம். நமது கூட்டத்துக்கு முதல் ஆளாக வந்து முன்வரிசையில் உட்காரும் தாய்மார் ஒருவர் பின் ஒருவராகக் காணாமல் போவதையும் கவனிக்கவில்லை. இது நமது தவறு.

இரண்டடி இரும்புக் குழாய், இரண்டு கிளாம்பு, உயரப் படிக்கு நடுவே ஒரு அரைப்படி, வாசலில் ஒரு சின்ன எல்.இ.டி. பல்பு. கொத்து வேலையும் ஒயரிங்கும் தெரிந்த வாலிபத் தோழர்கள் கிளைதோறும் இருக்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை நாலு வீடு பார்க்கலாம். ஆனால் சர்க்கார் செய்ய வேண்டியதை நாம் செய்து முடித்துவிடுவோம் என்று யாரும் எண்ண வேண்டாம். இனிக் கட்டும் ஒவ்வொரு வீட்டிலும் கக்கூஸிலும் கைப்பிடியும் விளக்கும் திட்ட மதிப்பீட்டிலேயே இருக்க வேண்டும். ஏற்கெனவே கட்டியவற்றுக்குப் பஞ்சாயத்து பொருத்தித் தர வேண்டும். தாலுகா ஆஸ்பத்திரியில் எலும்பு டாக்டரும் பிசியோதெரபி அறையும் வேண்டும். இவற்றை எழுதி, கிருஷ்ணகிரி கலெக்டர் ஆபீசில் திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாளில் மனுக் கொடுக்க இருக்கிறோம். கிளைத் தோழர்கள் தங்கள் ஊரில் விழுந்தவர்களின் பட்டியலை எடுத்து வரவேண்டும். எங்கே விழுந்தார், எத்தனை மணிக்கு, எதில் வழுக்கி என்பதையும் எழுதிக்கொண்டு வாருங்கள்.