வாழ்த்து அட்டைக்கு ஒப்பாரி எதற்கு?

தை பிறந்தால் பொங்கல் வாழ்த்து அட்டைக்கு ஒப்பாரி வைக்கும் கட்டுரைகளும் பிறந்துவிடுகின்றன. செல்பேசி வந்து வாழ்த்தைக் கொன்றுவிட்டதாம். அட்டையில் இதயம் இருந்ததாம். மற்றவர்கள் சொன்னால் விட்டுவிடலாம். சொல்பவர்கள் எழுத்தாளர்கள் என்பதால் மறுக்க வேண்டியிருக்கிறது.

அட்டையின் பிறப்பைப் பார்ப்போம். 1840இல் இங்கிலாந்தில் ஒரு பென்னித் தபால் வந்தது. அதற்காக உழைத்தவர்களில் ஒருவரான ஹென்றி கோல், 1843 கிறிஸ்துமஸுக்கு எல்லாருக்கும் கடிதம் எழுத நேரமில்லாமல், ஜான் ஹார்ஸ்லி என்ற ஓவியரிடம் படம் வாங்கி அச்சடித்தார். வாழ்த்து அச்சில், பெறுபவர், அனுப்புபவர் பெயர்களுக்கு மட்டும் காலியிடம். விலை ஒரு ஷில்லிங், அதாவது தபால் கூலியைப் போல் பன்னிரண்டு மடங்கு. அட்டை பிறந்ததே எழுதாமல் தப்பிக்கத்தான்.

இந்தியாவில் 1879இல் கால் அணா அஞ்சலட்டை வந்தது. அது வெறும் காகிதம். எழுதத் தெரியாதவன்கூட யாரையாவது பிடித்துத் தன் வார்த்தையைச் சொல்லி எழுத வைத்தான். வாழ்த்து அட்டை வந்ததும் அதிகக் காசு கொடுத்துக் குறைவாக எழுதினோம். தந்தி இலாகாவாவது ஒளிக்கவில்லை. வாழ்த்துகளுக்கு எண் போட்டு வைத்திருந்தது. எண்ணைச் சொன்னால் வாழ்த்து போய்ச் சேரும். 2013இல் தந்தியே நின்றுபோயிற்று.

இரும்பையில், மல்லாட்டையும் முந்திரியும் விளைகிற மண்ணில், ஒரு குடியானவனுக்குச் சிவகாசி அச்சில் ஜோடி மாடும் கரும்பும் பொங்கிவழியும் பானையும் வந்து சேர்ந்தன. இல்லாவிட்டால் எம்.ஜி.ஆர்., சிவாஜி முகங்கள். மழை பெய்ததா, கடன் அடைந்ததா என்று அவனைக் கேட்க அதில் இடமில்லை. உழவனுக்கே உழவனின் படத்தை அனுப்பிவிட்டு விசாரித்ததாக நினைத்துக்கொண்டோம்.

கையெழுத்து இருந்ததே என்பார்கள். இருந்தது, விலாசத்தில். கடை கடையாய் ஏறி அட்டை பொறுக்கிய பிள்ளைகளின் அன்பு பொய்யல்ல. அந்த அன்பு பேச வாயெடுத்தபோது அச்சு முந்திக்கொண்டது என்பதே என் புகார். இன்று வாட்ஸப்பில் கைமாறுவதும் அதே அட்டைதான். உறையும் தபால்தலையும் இல்லை, அவ்வளவே.

இதில் கவிஞர்களுக்கும் பங்குண்டு. அட்டைக்குள் அச்சான நாலு வரி யாருக்கும் யாரும் அனுப்பக்கூடியது. அந்தப் பொதுமையே அதன் விற்பனைச் சரக்கு. நம் கவிதைத் தொகுதிகளில் எத்தனை பக்கங்களை வெட்டி அட்டையில் ஒட்டலாம் என்று பார்த்துவிட்டுப் பிறகு அழலாம்.