குடல்வால் வெடித்த குழந்தைக்குக் கத்தியா? காத்திருத்தலா?

குழந்தைக்குத் தொப்புளைச் சுற்றி வலி கண்டு, பின்பு அது வலது அடிவயிற்றில் போய் நின்று, காய்ச்சலும் வாந்தியும் சேருமானால் குடல்வால் வீக்கமாயிருக்கலாம். ஆனால் நம் வீடுகளில் நடப்பதென்ன? முதலில் விளக்கெண்ணெய், அப்புறம் மந்திரித்த கயிறு, அதற்கும் மிஞ்சினால் குலதெய்வத்திற்கு நேர்த்திக்கடன். பேதி மருந்து அந்த வாலை வெடிக்கச் செய்யக்கூடும். வெடித்தவுடன் வலி சற்றுத் தணிவதும் உண்டு. இந்தத் தணிவைத்தான் “சாமி கண் திறந்தது” என்று நம்பித் தாய் தகப்பன்மார் நிம்மதியாய்த் தூங்கப் போகிறார்கள். உள்ளே சீழ் பரவிக்கொண்டிருக்கிறது! சின்னஞ்சிறு குழந்தைகளோ வலிக்கும் இடத்தைச் சொல்லத் தெரியாதவர்கள்; ஆதலால் நோய் இன்னதென்று தெரியுமுன்பே அவர்களில் பெரும்பாலோருக்கு வெடித்துவிடுகிறது.

வெடித்த பின் வழி இரண்டு. உடனே அறுத்து வாலை எடுப்பது ஒன்று. சீழ் ஓரிடத்தில் கட்டி நின்றால், கிருமிகளைக் கொல்லும் மருந்தை இரத்தக் குழாயில் ஏற்றி, கட்டி பெரிதானால் குழாய் வைத்து வடித்து, ஆறு எட்டு வாரம் கழித்து வாலை எடுப்பது மற்றொன்று. 1902ல் இங்கிலாந்து அரசர் ஏழாம் எட்வர்டுக்கு, ஜூன் 26ந் தேதி முடிசூட்டு விழா என்றிருக்க, இரண்டு நாள் முன்பு டிரீவ்ஸ் என்னும் ரண வைத்தியர் சீழை மாத்திரம் வடித்தார், வாலை எடுக்கவில்லை. விழா ஆகஸ்டு 9ந் தேதிக்குப் போயிற்று. கடவுள் அருளால் அரசர் என்று நாணயத்தில் பொறித்துக்கொண்டவருக்கும் கத்திதான் வேண்டியிருந்தது!

காத்திருப்பதே சாந்தமான வழி என்று பலர் எண்ணுகிறார்கள். அப்படியா? அமெரிக்காவில் மெம்பிஸ் நகரத்தில், வால் வெடித்த 131 குழந்தைகளைச் சீட்டுக் குலுக்கினாற்போல் இரு பிரிவாக்கிப் பார்த்து 2011ல் முடிவை வெளியிட்டார்கள். உடனே அறுக்கப்பட்டவர்கள் சராசரி 14 நாளில் பழையபடி நடமாடினர்; காத்திருந்தவர்களுக்கு 19 நாளாயிற்று. சிக்கல்கள் கண்டது முன்னவர்களில் 100க்கு 30, பின்னவர்களில் 55. ஆனால் சீழ் நன்றாய்க் கட்டிப்போன 40 குழந்தைகளை மட்டும் வைத்துக் கான்ஸாஸ் சிட்டியில் நடத்தி 2010ல் வெளியிட்ட சோதனையிலோ, இரு வழிக்கும் பெரிய வித்தியாசம் காணவில்லை.

ஆகவே பெற்றோர் பார்க்கவேண்டியது பஞ்சாங்கத்தையல்ல. சீழ் ஓரிடத்தில் நிற்கிறதா, வயிறெங்கும் பரவிவிட்டதா, இந்த வழியை ஏன் சொல்லுகிறீர்கள் என்று டாக்டரையே கேட்கவேண்டும். கேட்டால் கோபித்துக்கொள்ளும் டாக்டரும் புரோகிதரும் நமக்கு ஒன்றே. சீழ் எங்கும் பரவியிருந்தால் காத்திருக்கும் பேச்சுக்கே இடமில்லை. காத்திருக்கலாம் என்று தீர்மானித்த குழந்தைக்கும், மருந்து ஏறி இரண்டொரு நாளாகியும் காய்ச்சலும் வலியும் குறையாவிட்டால், அறுவைக்குச் சம்மதம் கொடுக்கத் தயங்கக்கூடாது என்பதே நமது அபிப்பிராயம்.