கொப்பியை மூடினால் கடன் குடுப்பது யார்?

யாழ்ப்பாண நகரத்தில் சின்னக் கடைகள் பூட்டுப்படுவதைப் பற்றிக் கதைத்தால் உடனே ஒரு பதில் வரும்: "சனம் தனக்கு விருப்பமான இடத்தில வாங்குது. உங்களுக்கென்ன பிரச்சினை?" இன்னொரு பக்கம் பெருமூச்சுக் கோஷ்டி. பெரியகடையின் பழைய படமொன்றை முகநூலில் போட்டு "அதொரு காலம்" என்று எழுதிவிட்டு, பின்னேரம் ஏசிக் கடைக்குப் போய்விடுவார்கள். இரண்டு பேரோடும் எங்களுக்கு உடன்பாடில்லை. முதலாவது ஆட்கள் 'சனம்' என்று சொல்வது தங்களைத்தான். இரண்டாவது ஆட்களுக்குக் கடை என்பது வெறும் ஞாபகம்.

எங்களுக்குக் கடை என்றால் முதலில் கொப்பி. முதலாளியின் மேசையில் கிடக்கும், மூலை சுருண்ட அந்தச் சீ.ஆர். கொப்பி. மேசன் வேலைக்குப் போகிறவருக்குச் சனிக்கிழமைதான் சம்பளம். புதன்கிழமையே வீட்டில் சீனி முடிந்துவிடும். பிள்ளை போய் அரைக்கிலோ சீனியும் நூறு கிராம் தேயிலையும் வாங்கி, "அப்பா சனிக்கிழமை தருவாராம்" என்று சொன்னால் காணும். வட்டியில்லை, பிணைக்கு இரண்டு பேர் வேண்டாம், படிவமும் வேண்டாம். ஆளைத் தெரியும், அவ்வளவுதான்.

2013இல் ஆஸ்பத்திரி வீதியில் கார்கில்ஸ் ஸ்குவயார் திறந்ததை நகரத்தின் வளர்ச்சி என்று கொண்டாடினோம். சுப்பர் மார்க்கெற்றில் விலை அச்சடித்திருக்கும், பில் வரும், தராசில் ஏமாற்று இல்லை. இதெல்லாம் நல்ல விசயங்கள், மறுக்கவில்லை. ஆனால் அங்கேயும் கடன் உண்டு, அது யாருக்கு என்று பாருங்கள். இந்த வங்கியின் கடனட்டை வைத்திருந்தால் வார இறுதியில் கழிவு, அந்த வங்கியின் அட்டைக்கு இன்னொரு நாள் கழிவு. மாதச் சம்பளக்காரருக்குக் கடனும் கிடைக்கிறது, விலையும் குறைகிறது. கூலி வேலைக்காரர் முழு விலையையும் காசாக வைக்க வேண்டும். இதற்குப் பெயர் 'சனத்தின் விருப்பம்' என்றால், அந்தச் சனத்தில் மேசன் இல்லை.

கொப்பி மூடுப்பட்டால் அந்த வீட்டுக்காரர் சுப்பர் மார்க்கெற்றுக்குப் போவதில்லை. நுண்கடன் கொம்பனிக்குப் போகிறார். போர் முடிந்தபின் வடக்கின் கிராமங்களுக்குள் மோட்டார் சைக்கிளில் வந்திறங்கிய இந்தக் கடன், பெண்களைக் குழுவாக்கி, ஒருத்திக்கு மற்றவளைப் பிணையாக்கி, கிழமைக்குக் கிழமை வாசலில் வந்து நின்றது. வறட்சி பாதித்த மாவட்டங்களில் பெண்கள் எடுத்த 1 இலட்சம் ரூபாவுக்கு உட்பட்ட நுண்கடன்களைத் தள்ளுபடி செய்வதாக 2018இல் அரசாங்கமே அறிவிக்க வேண்டியளவுக்கு நிலைமை போனது. சீனிக்கும் மாவுக்கும் வட்டிக்கு வாங்குகிற நிலைமைக்கு ஒரு குடும்பம் வருவதற்கும், சந்திக்கடை பூட்டுப்படுவதற்கும் இடையில் அதிக தூரமில்லை.

கொப்பியை மூட வைத்தது சுப்பர் மார்க்கெற் மட்டுமா? இல்லை. 2022இல் பணவீக்கம் 70 சதவீதத்தைத் தொட்டது. சித்திரையில் கடனுக்குக் குடுத்த பருப்பின் காசு வைகாசியில் கைக்கு வரும்போது, அதே அளவு பருப்பை வாங்க அது காணாது. மொத்த வியாபாரி கைக்காசு கேட்டால், சில்லறைக் கடைக்காரர் எங்கிருந்து கடன் குடுப்பார்? 2024இல் வற் வரி 18 சதவீதமானது. இதற்கு மேல் கடை வாடகை, அட்வான்ஸ். பழைய கடையை இடித்து மாடி எழுப்பினால், கீழ்த்தளத்துக்குக் கேட்கிற அட்வான்ஸை மளிகைக் கடைக்காரர் எந்த வியாபாரத்தில் உழைப்பார்?

அதற்காகச் சின்ன முதலாளிகளைக் கோயிலில் வைத்துக் கும்பிடச் சொல்லவில்லை. தட்டுப்பாட்டுக் காலத்தில் பதுக்கினவர்கள் எங்கள் ஆட்கள்தான். காலை தொடக்கம் இரவு வரை கடைப் பிள்ளைகளை இருக்கக் கதிரையில்லாமல் நிற்க வைப்பவர்களும், ஈ.பி.எஃப். கட்டாமல் "சொந்தப் பிள்ளை மாதிரி" என்று கதை விடுபவர்களும் இதே கடைத்தெருவில்தான் இருக்கிறார்கள். சொந்தப் பிள்ளை என்றால் கதிரை குடுங்கோ.

'எங்கட கடைகள்' என்று அழுகிறவர்களிடம் இன்னொன்றும் கேட்க வேண்டும். 1981இல் பொதுநூலகம் எரிந்த நாட்களில் சந்தைக் கடைகளும் எரிந்தன. அதை நினைவில் வைத்திருக்கிறோம், வைத்திருக்கவும் வேண்டும். 1990 ஒக்ரோபரில் விடுதலைப் புலிகள் இரண்டு மணித்தியால அவகாசத்தில் யாழ்ப்பாண முஸ்லிம் மக்களை வெளியேற்றியபோது, இரும்புக் கடைகள், நகைக் கடைகள், தையல் கடைகள் என்று எத்தனை கதவுகள் ஒரேநாளில் பூட்டுப்பட்டன? அந்தக் கதவுகள் இல்லாத 'எங்கட' எங்களுக்கு வேண்டாம்.

எங்களிடம் மூன்று கோரிக்கைகள் இருக்கின்றன. ஒன்று, மாநகர சபையின் நவீன சந்தைக் கடைகள் உண்மையில் கடை நடத்துகிறவர் கையில்தான் இருக்க வேண்டும். எடுத்தவர் கூடின வாடகைக்கு வேறொருவருக்குக் கைமாற்ற இடம் வைக்கக்கூடாது. இரண்டு, பலநோக்குக் கூட்டுறவுச் சங்கங்கள் மொத்தக் கொள்வனவில் சின்னக் கடைகளையும் சேர்க்க வேண்டும். போர்க்காலத்தில் நிவாரணச் சாமானைப் பங்கிட்டுச் சனத்தின் உலையைக் கொதிக்க வைத்த சங்கக்கடைகளுக்கு இது புது வேலையில்லை. பத்துக் கடை சேர்ந்து கடனுக்கு எடுத்தால்தான் பத்துச் சந்தியில் கொப்பி திறக்கும். மூன்று, கடைப் பிள்ளைகளின் சம்பளம், கதிரை, மலசலகூடம். இவற்றைப் பற்றிப் பேசாமல் எங்கள் ஆதரவைக் கேட்டு வணிகர் சங்கங்கள் வர வேண்டாம்.

நகரத்தில் அடுத்த மாடிக் கட்டடத்துக்கு அனுமதி குடுக்கும்போது எத்தனை வாகனம் நிறுத்தலாம் என்று கணக்குப் பார்ப்பார்கள். அதோடு இதையும் கேளுங்கோ: வெள்ளிக்கிழமை இரவு கையில் காசில்லாமல் வருகிறவருக்கு அங்கே அரைக்கிலோ மா கிடைக்குமா?