கோட்டைக்கு வரலாறு உண்டு, ஊருக்கு?

செஞ்சியில் வாழும் நமக்குப் போர் என்பது பழங்கதை. ராஜகிரி ஏற வருவோர்க்குத் தேசிங்கின் கதையைச் சொல்வோம். 1677-இல் சிவாஜி இக்கோட்டையைக் கைக்கொண்டதையும், 1690 முதல் 1698 வரை முகலாயப் படை முற்றுகையிட்டுக் கிடந்ததையும் சொல்வோம். 2025-இல் யுனெஸ்கோவின் உலக மரபுப் பட்டியலில் செஞ்சி இடம்பெற்றபோது நாமும் மகிழ்ந்தோம். ஆயினும், எட்டாண்டுகள் அடிவாரத்தில் தங்கிய அப்பெரும்படைக்குச் சோறிட்ட வயல்கள் எவருடையவை? அவற்றுக்கு உரியோர் எங்கே சென்றனர்? நம் கதைகளில் அவர்கள் இல்லை.

புறப்பொருள் இலக்கணத்தில் கொற்றவள்ளை என்றொரு துறை உண்டு. வேந்தனின் புகழைக் கூறி, பகைவர் நாடு அழிவதற்கு இரங்குவது அது. இதனை நாம் நடத்திய வகுப்பில், ஏதிலியர் முகாமிலிருந்து வந்து பயிலும் மாணவி ஒருவர் எழுந்தார். "நாட்டுக்கு இரங்கினார்கள், சரி ஐயா. அந்தச் சனங்கள் பிறகு எங்கே போனார்கள்?" என்று வினவினார். உரையாசிரியர் எவரும் நமக்குத் துணைவரவில்லை.

அவ்வினாவுக்கு நம் காலத்து விடை கேப்பாப்புலவு. முல்லைத்தீவு மாவட்டத்து இவ்வூர் மக்கள் 2009 போரில் இடம்பெயர்ந்தனர். செட்டிகுளம் மெனிக்பாம் முகாம் 2012 செப்டம்பரில் மூடப்பட்டபோது, அவர்கள் சொந்த ஊருக்கு அனுப்பப்படவில்லை. ஊரில் படைமுகாம் இருந்தமையால் சீனியாமோட்டையில் குடியேற்றப்பட்டனர். அதற்கு வைத்த பெயர் 'மாதிரிக் கிராமம்'! 2017 தொடக்கத்தில் பிலக்குடியிருப்பு மக்கள் முகாம் வாயிலில் இரவு பகலாக ஒரு மாதம் அமர்ந்து தம் நிலத்தை மீட்டனர். உடனே கேப்பாப்புலவு மக்களும் அமர்ந்தனர். அவ்வாண்டின் இறுதியில் ஒரு பகுதி நிலமே கிடைத்தது.

யாழ்ப்பாணத்து வலிகாமம் வடக்கின் கதை இன்னும் நெடியது. 1990-இல் வெளியேறியோரின் நிலத்தில் 6,381 ஏக்கரைப் படைத்தேவைக்கென எடுக்க 2013-இல் அறிவித்தல் ஒட்டப்பட்டது. பின்னர்ப் பகுதி பகுதியாக விடுவிக்கப்பட்ட நிலங்களுக்குத் திரும்பியோர் பலர் கண்டவை இடிந்த சுவர்களும் புதர்க்காடுமே.

நாட்டின் காவலுக்கு நிலம் வேண்டும் என்பர். காங்கேசன்துறைக் கடற்கரையில் படையினர் விடுமுறை விடுதி நடத்தினரே, அது எவ்வகைக் காவல்? தீ ஊரை ஒருமுறை அழிக்கிறது. வேலியோ நாள்தோறும் அழிக்கிறது. வேலிக்கு அப்பால் தன் கிணற்றைக் கண்டுகொண்டே ஒரு தலைமுறை முதுமை எய்துகிறது.

இவ்வறம் ஒரு சாரார்க்கு மட்டும் உரியதன்று. 1990 அக்டோபரில் வடபுலத்து முஸ்லிம்களைப் புலிகள் வெளியேற்றியதற்கும் இதே அளவுகோலைக் கொள்ளாவிடில் நம் இரக்கமும் கொற்றவள்ளையாகவே முடியும்.

போரை வீரத்தால் அளந்து பழகியவர்கள் நாம். எவருடைய வயல், எவருடைய கிணறு, எவர் பெயரில் உறுதிப்பத்திரம் என்று கேட்கப் பழகுவோம். அடுத்த பருவத்தில் கொற்றவள்ளை நடத்தும்போது, அம்மாணவியின் வினாவிலிருந்தே பாடத்தைத் தொடங்க எண்ணியுள்ளோம்.