வீரக்கதை வேண்டாம், சாட்சி சொல்லுங்கள்

ஒவ்வோர் ஆண்டும் ஏப்ரல் 14 முதல் 20 வரை தீயணைப்புப் பணி வாரம். 1944 ஏப்ரல் 14 அன்று பம்பாய் விக்டோரியா துறையில் நின்ற ஃபோர்ட் ஸ்டிகைன் என்ற கப்பலில் பஞ்சு மூட்டையையும் வெடிமருந்தையும் ஒன்றாக அடுக்கியிருந்தார்கள். தீப்பிடித்தது. அணைக்கப் போனவர்களில் 66 பேர் வெடிப்பில் மாண்டார்கள். அவர்கள் நினைவுக்குத்தான் இந்த வாரம். அம்பேத்கருக்கு 53 வயது நிறைந்த நாளும் அதுவே. வைசிராய் நிர்வாகக் குழுவில் அப்போது அவர் தொழிலாளர் துறை உறுப்பினர். வேலைக்குப் போன இடத்தில் செத்தவர்களின் நினைவும், உழைத்தே சாகும் மக்களுக்காகப் பேசியவரின் பிறப்பும் ஒரே தேதியில் வருகின்றன. ஆனால் இங்கே ஒன்றுக்கு இன்னொன்றைத் தெரியாது. பஸ் ஸ்டாண்டில் தண்ணீர் பீய்ச்சிக் காட்டி ஒத்திகை நடக்கும். சேரி முனையில் மாலை, மைக்செட், போலீஸ் காவல். 2022 முதல் அரசு அதைச் சமத்துவ நாள் என்று வேறு உறுதிமொழி எடுக்கிறது.

அந்த வாரத்தில் பத்திரிகைகளுக்கு ஒரு சம்பிரதாயம் உண்டு. தீயணைப்புக்காரர் ஒருவரைப் பிடித்து, 'உங்கள் முதல் அழைப்பு எது?' என்று கேட்பார்கள். வைக்கோல் போர் எரிந்த கதை வரும், கிணற்றில் விழுந்த பசு மாட்டைத் தூக்கிய கதை வரும். எனக்குத் தெரிந்த ஒருவர் இப்படிப் பசுமாட்டுக் கதை சொல்லிப் படத்தோடு வந்திருந்தார். நம்மாள். ஓய்வுபெற்றவர். 'அண்ணே, நெசமாவே மாடுதானா முதல்ல?' என்று கேட்டேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு சொன்னார்:

'மாடு ரெண்டாவது தம்பி. மொத கால் வந்தப்ப சோத்துல கைய வச்சிருந்தேன். மணி அடிச்சிருச்சு. தீ இல்லடா, டேங்க் கேசுன்னாரு லீடிங் ஃபயர்மேன். போனா, மூடிகிட்ட ஒரு சட்டைய மடிச்சு வச்சிருக்கு. அதுமேல பீடிக்கட்டு, பக்கத்துல ரெண்டு சோடி செருப்பு. எனக்கு பி.ஏ. செட்ட மாட்டி இறக்குனாங்க. எடுப்புக் கயித்த ரெண்டு பேரு புடிச்சிருக்காங்க, ஒருத்தரு வாட்சப் பாத்துக்கிட்டே நிக்கிறாரு. உள்ள ரெண்டு பேரு. மேல கெடந்தவன் கீழ கெடந்தவன் கைய வுடவே இல்ல. அண்ணன் தம்பி. வெளிய போட்டுத் தண்ணி ஊத்துனப்பதான் மூஞ்சி தெரிஞ்சுது. எங்க சித்தப்பா ஊருப் பசங்க. வூட்டுக்காரரு வந்து, முன்பக்கமா தூக்கிட்டுப் போகாதீங்க சார், சந்து வழியா போயிருங்கன்னாரு. அப்புறம், ஸ்லாப்ப ஒடச்சுட்டீங்களே, யாரு கட்டித் தருவான்னு கேட்டாரு. இத பேப்பர்காரங்ககிட்டச் சொன்னா போடுவாங்களா? மாடு பொழச்சுது. அது நல்ல கதை.'

மாடு பிழைத்தால் கதை. நம் பிள்ளைகள் செத்தால் அது கதைக்கும் உதவாது.

நான் தமிழ் படித்தவன். இந்தச் சாவுகளைப் பத்திரிகைகள் எழுதும் வாக்கியத்தை இலக்கணமாகவே பிரித்துப் பார்த்திருக்கிறேன். 'விஷவாயு தாக்கி இருவர் பலி.' தாக்கியது யார்? விஷவாயு. பலியானது யார்? இருவர். குழிக்குள் இறக்கிவிட்டவன் எங்கே? அவனுக்கு இந்த வாக்கியத்தில் இடமில்லை. எழுவாயும் இல்லை, தோன்றா எழுவாயும் இல்லை. கொலைகாரனை வெளியே நிறுத்தி மூடி போட்டு மூடிய வாக்கியம் இது. விஷவாயு என்ன, வழிமறித்து வெட்ட வந்த ரவுடியா? மலக்குழியில் ஹைட்ரஜன் சல்பைடு இருக்கும் என்பது பள்ளிக்கூடப் பாடம். முதலில் அழுகிய முட்டை நாறும். அடர்த்தி ஏறினால் மூக்கு மரத்து நாற்றமே தெரியாது. நாற்றம் போயிற்று, இனி இறங்கலாம் என்று நினைக்கிறவனை அது கொல்லும். காற்றைவிடக் கனமானதால் அடியில் தங்கும். கசடைக் கலக்கினால் கிளம்பும். முதல் ஆள் விழுந்ததும் காப்பாற்றக் குதிக்கிற இரண்டாவது ஆளும் விழுவது இதனால்தான்.

இதெல்லாம் அரசுக்குத் தெரியாதா? தெரியும் என்பதற்கு அத்தாட்சி அந்த பி.ஏ. செட். பிணம் எடுக்க இறங்குகிறவருக்கு முகமூடி, முதுகில் காற்று சிலிண்டர், காற்று குறைந்தால் விசில், மேலே நேரம் பார்க்க ஓர் ஆள். இருக்க வேண்டியதுதான். ஒரு தீயணைப்புக்காரரும் சாகக்கூடாது. நான் கேட்பது வேறு. அதே குழி, அதே காற்று. ஒரு மணி நேரம் முன்னால் உயிரோடு இறங்கியவனுக்கு ஒரு வாளியும் ஒரு கயிறும் போதும் என்று முடிவு செய்தது எது? சாதி என்பதைத் தவிர வேறு பதில் இருந்தால் சொல்லுங்கள். பிணத்தை மீட்க இருக்கிற கருவி, பிணமாகாமல் தடுக்க மட்டும் ஏன் வருவதில்லை?

சொற்களையும் பாருங்கள். முகமூடியோடு இறங்குகிறவர் 'வீரர்'. ஒன்றுமில்லாமல் இறங்குகிறவன் 'துப்புரவு ஆள்'. ஆநிரை மீட்கப் போய்ச் செத்தவனுக்கு நடுகல் நட்ட தமிழ் மரபு என்று மேடைதோறும் முழங்குகிறார்கள். அண்ணனை மீட்கப் பீக்குழியில் குதித்த தம்பிக்கு எந்தத் திணையில் இடம் வைத்திருக்கிறீர்கள்?

சட்டம் இருக்கிறது என்பார்கள். 1993இல் ஒன்று, 2013இல் ஒன்று. 2013 சட்டத்தின் 7ஆம் பிரிவு, சாக்கடையிலும் செப்டிக் டேங்கிலும் 'அபாயகரமான துப்புரவு'க்கு ஆளை அமர்த்தவே கூடாது என்கிறது. 9ஆம் பிரிவு, முதல் முறையானால் 2 ஆண்டு வரை சிறை, அல்லது 2 லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டும் என்கிறது. ஆனால் எது அபாயம்? பாதுகாப்புக் கருவி தராமல் இறக்கினால்தானாம். கருவியைக் காட்டிவிட்டால் மனிதனை மலத்தில் இறக்கலாம் என்று சட்டமே ஒரு சந்து விட்டு வைத்திருக்கிறது. 2014 மார்ச் 27 அன்று உச்ச நீதிமன்றம், அவசர நிலையில்கூடக் கருவியில்லாமல் சாக்கடையில் இறக்குவதைக் குற்றமாக்க வேண்டும் என்றது. 1993 முதல் செத்த ஒவ்வொருவர் குடும்பத்துக்கும் 10 லட்சம் தரச் சொன்னது. 2023 அக்டோபரில் அதை 30 லட்சமாக்கியது. விலை ஏறியிருக்கிறது. குழி மூடவில்லை.

வழக்கு எப்படிப் பதிகிறார்கள்? கவனக்குறைவால் மரணம். முன்பு 304 ஏ, 2024 ஜூலைக்குப் பிறகு நியாய சன்ஹிதாவில் 106. பேருந்து மோதிச் செத்தாலும் அதே பிரிவு. 'குடிச்சிட்டு எறங்கிட்டாங்க', 'நாங்க சொல்லல, அவங்களா எறங்கிட்டாங்க' என்று வீட்டுக்காரனும் காண்டிராக்டரும் சொல்வார்கள். மறுத்துச் சொல்ல வேண்டியவன் சவக்கிடங்கில் கிடப்பான். ரோபோ வந்துவிட்டது என்று அமைச்சர்கள் படம் எடுத்துக்கொள்வார்கள். சந்துக்குள் வருவது என்னவோ அதே வாளிதான்.

இந்த இடத்தில்தான் தீயணைப்புக்காரர்களின் நினைவு நமக்கு வேண்டும். சம்பவ இடத்துக்கு முதலில் போகிற அரசு ஊழியர்கள் அவர்கள். அழைத்தது யார், எத்தனை மணிக்கு, எந்த முகவரி, குழிமேட்டில் கையுறை கிடந்ததா, முகமூடி கிடந்ததா, மடித்து வைத்த சட்டையும் பீடிக்கட்டும் மட்டும் கிடந்தனவா, எல்லாவற்றையும் கண்ணால் கண்டவர்கள். எழுதி வைக்கவும் வேண்டியவர்கள். 'அவங்களா எறங்கிட்டாங்க' என்ற பொய்யை உடைக்க இதைவிடப் பெரிய சாட்சி எது? நீதிமன்றத்தில் சொல்ல வேண்டியதை மனசுக்குள் போட்டுப் புதைத்துவிட்டு, பத்திரிகைக்குப் பசுமாட்டுக் கதை சொல்ல வைக்கிறது இந்தச் சமூகம். அந்த அண்ணன் முப்பது வருசமாகத் தூக்கத்தில் அந்த இரண்டு கைகளைப் பிரித்துக்கொண்டிருக்கிறார். அவரிடம் ஒரு வக்கீலும் வந்து கேட்டதில்லை.

ஆகவே தோழர்களே, மீட்பு அறிக்கை ஒவ்வொன்றும் வழக்கில் சேர்க்கப்பட வேண்டும். குழியில் இறங்கிய தீயணைப்புக்காரரைச் சாட்சியாக அழைக்க வேண்டும். 2013 சட்டத்தையும், செத்தவர் தலித் என்றால் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தையும் முதல் தகவல் அறிக்கையிலேயே சேர்க்க வேண்டும். வருகிற ஏப்ரல் 14 அன்று சிலைக்கு மாலை போட்ட கையோடு, பக்கத்திலிருக்கும் தீயணைப்பு நிலையத்துக்குப் போவோம். அவர்களும் அன்று தங்கள் 66 பேரை நினைத்துக்கொண்டிருப்பார்கள். நம் வட்டாரத்தில் மலக்குழியில் செத்தவர்களின் பெயர்ப் பட்டியலை மேசைமேல் வைப்போம். 'இதில் எந்த அழைப்புக்கு நீங்கள் போனீர்கள்? என்ன பார்த்தீர்கள்?' என்று பெயர் பெயராகக் கேட்டு எழுதிக்கொண்டு வருவோம்.