அழிக்கச் சொல்வதற்கு முன் நகல் எடுக்கச் சொல்லுங்கள்

பதிவு கொஞ்சம் நீளம். பொறுத்துக்கொள்ளுங்கள்.

போனில் "ஸ்டோரேஜ் ஃபுல்" என்று வந்துவிட்டால் எங்களைப் போன்ற பெரியவர்களுக்கு மூன்று யோசனைகள் கிடைக்கின்றன. "கிளீனர் ஆப் போடுங்க தாத்தா" என்பான் பக்கத்து வீட்டுப் பையன். "எல்லாம் கிளவுட்ல இருக்கும்பா, டெலிட் பண்ணிடுங்க" என்பாள் வெளியூர் மகள். "ரீசெட் அடிச்சா புதுசு மாதிரி ஆயிடும் சார்" என்பார் கடைக்காரர். மூன்றையுமே நான் எதிர்க்கிறேன்.

முதலில் கிளீனர். ரேம் என்பது கரும்பலகை. ஸ்டோரேஜ் என்பது நோட்டுப் புத்தகம். பல கிளீனர் ஆப்கள் "பூஸ்ட்" என்ற பெயரில் துடைப்பது கரும்பலகையைத்தான். பலகையைத் துடைத்தால் நோட்டில் பக்கம் கூடுமா? ஐந்தாம் வகுப்புப் பிள்ளைக்கே தெரியும். போதாததற்கு அந்த ஆப்பும் விளம்பரத்தோடு வந்து இடத்தை அடைத்துக்கொள்கிறது.

அடுத்தது கிளவுட். கூகுள் இலவசமாகத் தருவது 15 ஜிபி. ஜிமெயில், டிரைவ், போட்டோஸ் எல்லாவற்றுக்கும் சேர்த்துத்தான் அது. 2021 ஜூன் முதல் ஏற்றும் படங்கள் எல்லாம் அந்தக் கணக்கில்தான் சேர்கின்றன. அது நிறைந்துவிட்டால் புதுப் படம் மேலே ஏறாது. கூகுள் போட்டோஸில் ஒரு படத்தை டெலிட் செய்தால் கிளவுட்டில் உள்ளதும் சேர்ந்தே போகும். குப்பைத் தொட்டியில் 60 நாள் இருக்கும், அவ்வளவுதான். சரி, அந்தக் கணக்கின் பாஸ்வேர்டு அப்பாவுக்குத் தெரியுமா? போன் வாங்கிய அன்று கடைப் பையன் உருவாக்கிக் கொடுத்த கணக்குதானே அது!

மூன்றாவது ரீசெட். எங்கள் தெருவில் ஓர் அம்மா, போன் அடிக்கடி நின்றுபோகிறது என்று கடையில் கொடுத்தார். பத்து நிமிடத்தில் ரீசெட் செய்து கொடுத்துவிட்டார்கள். மறைந்த கணவர் வாட்ஸ்அப்பில் அனுப்பியிருந்த குரல் பதிவுகள் அதில் இருந்தன. வேறெங்கும் இல்லை. இன்றைய போன்களில் தகவல் எல்லாம் பூட்டி வைக்கப்பட்டிருக்கிறது. ரீசெட் செய்தால் சாவியே அழிந்துவிடும். எந்த ரெகவரி கடைக்காரராலும் மீட்க முடியாது. "நகல் இருக்கிறதா அம்மா?" என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் என்ன குறைந்திருக்கும்?

"குட்மார்னிங் படங்களைச் சேர்த்து வைத்தது யார் குற்றம்?" என்று இளையவர்கள் கேட்கிறார்கள். அதில் நியாயம் உண்டு. ஆனால் வருவதையெல்லாம் தானாக இறக்கிக்கொள்ளும் வசதியை அணைக்க எங்களுக்கு யார் சொல்லிக் கொடுத்தது?

ஒரு பழைய செய்தி. 1996இல் பைலட் என்ற கையடக்கக் கணினி வந்தது. நினைவகம் 128 கேபி. பேட்டரி தீர்ந்து அப்படியே விட்டால் எழுதியதெல்லாம் போய்விடும். ஆனால் வாங்கும்போதே ஒரு தாங்கி கூட வரும். அதில் வைத்து ஒரு பட்டனை அழுத்தினால் எல்லாம் வீட்டுக் கணினிக்கு நகலாகிவிடும். இன்று 128 ஜிபி, அதாவது பத்து லட்சம் மடங்கு. ஆனால் பல போன்களில் மெமரி கார்டு போடும் இடத்தையே எடுத்துவிட்டார்கள். மாதச் சந்தா கட்டு என்கிறார்கள்.

பள்ளியில் மாற்றுச் சான்றிதழ் கிழித்துக் கொடுத்தாலும் அடிக்கட்டை பள்ளியிலேயே இருக்கும். அந்த ஒழுங்குதான் இங்கேயும் வேண்டும். ஒரே இடத்தில் இருக்கும் படம் பாதி தொலைந்த படம்.

செய்ய வேண்டியது இவ்வளவுதான். போனில் செருகும் ஓடிஜி பென் டிரைவ் ஒன்று வாங்குங்கள். முக்கியமான படங்களை அதில் நகலெடுத்து, திறந்து பார்த்து உறுதி செய்யுங்கள். வாட்ஸ்அப் பேக்கப்பில் வீடியோவைச் சேர்க்கும் தெரிவு தனியாக இருக்கும், பாருங்கள். கணக்கின் பாஸ்வேர்டை ஒரு நோட்டில் எழுதிப் பீரோவில் வையுங்கள். அதன் பிறகு வாட்ஸ்அப்பில் "மேனேஜ் ஸ்டோரேஜ்" போய், பெரிய வீடியோக்களை முதலில் அழியுங்கள்.

பிள்ளைகளே, அடுத்த முறை ஊருக்கு வரும்போது ஸ்வீட் பாக்ஸோடு ஒரு பென் டிரைவும் வாங்கி வாருங்கள். அரை மணி நேரம் அப்பா அம்மா பக்கத்தில் உட்கார்ந்து நகல் எடுத்துக் கொடுங்கள். கடைக்காரத் தம்பிகளே, "நகல் எடுத்தாச்சா?" என்று கேட்டுவிட்டு ரீசெட்டில் கை வையுங்கள்.

மாற்றுக் கருத்து இருந்தால் கீழே எழுதுங்கள். பதில் சொல்கிறேன்.